வீட்டு வாசலில் மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்துமிடம்: அக்கம்பக்கத்தார் அதை அடைத்தால் செய்ய வேண்டியவை, ஒரு முழுமையான வழிகாட்டி

சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரைக் காரிலிருந்து இறக்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது, அதை அன்றாடம் செய்பவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. என் தாயாரை இறக்கும்போது முதலில் முன்பக்கக் கதவை அது போகும் மட்டும் திறந்துவிடுவேன். பிறகு பின்பெட்டியிலிருந்து நாற்காலியை எடுத்து விரித்து, இருக்கையை ஒட்டிச் சற்றே சாய்வாக நிறுத்தி, இரண்டு சக்கரங்களுக்கும் பிரேக் போட்டு, கால்தாங்கிகளை விலக்கிவைத்து, வழுக்குப் பலகையின் ஒரு முனையை இருக்கையிலும் மறுமுனையை நாற்காலியிலும் பொருத்திய பிறகுதான் அவரால் நகர முடியும். ஒருநாள் அளவு நாடாவை எடுத்து அளந்து பார்த்தேன். காரின் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டருக்குக் குறைவாக இடம் இருந்தால், எங்கள் வண்டியில் இந்த வேலை எதுவும் நடக்காது.

இந்த அளவு எனக்கு மட்டும் தோன்றியதன்று. அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு அணுகல் விதிகளின்படி, மாற்றுத்திறனாளிகளின் வண்டி நிற்கும் இடத்தை ஒட்டி, குறைந்தது 60 அங்குலம், அதாவது ஏறக்குறைய 152 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கோடிட்ட பகுதி ஒன்று விடப்பட வேண்டும். தடையற்ற அணுகலுக்கான இந்திய அரசின் ஒருங்கிணைந்த வழிகாட்டுதல்கள் நிறுத்துமிடத்துக்கு 3.6 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் கேட்கின்றன. பிரிட்டனில், நடைபாதையை ஒட்டி நீளவாக்கில் அமையும் இடம் 6.6 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். சாதாரணக் கார் ஒன்றுக்கு நான்கரை மீட்டர் போதுமென்றாலும், பின்கதவைத் திறந்து சாய்தளத்தை இறக்கி நாற்காலியை உருட்டி வெளியே கொண்டுவர மீதி இடம் தேவைப்படுகிறது. ஆகவே, “உங்கள் இடத்தில் ஓரமாகக் கொஞ்சம்தானே வண்டி நிற்கிறது” என்று ஒருவர் சொல்லும்போது, அந்தக் கொஞ்சம் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கோடிட்ட பகுதியில் நிற்கும் ஒரு ஸ்கூட்டர் போதும், அந்த இடம் முழுவதும் பயனற்றுப்போகும்.

இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கலாம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்வது நல்லது; பலர் முதல் படியைத் தாண்டி நேரே சண்டைக்குப் போய்விடுவதால்தான் காரியம் கெட்டுப்போகிறது.

படி 1: அந்த இடம் எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டுபிடியுங்கள்

சாலையில் வெள்ளை அல்லது மஞ்சள் கோடு போட்டு, நடுவில் சக்கர நாற்காலிச் சின்னத்தை வரைந்திருந்தால், அது சட்டப்படி ஒதுக்கப்பட்ட இடம் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். பல ஊர்களில் அது உண்மையன்று. இங்கிலாந்திலும் வேல்ஸிலும், போக்குவரத்து ஆணை எதுவும் இல்லாமல் உள்ளாட்சி மன்றம் வரைந்துகொடுக்கும் இடங்களை ‘அறிவுரை இடங்கள்’ என்கிறார்கள். அவற்றில் வேறு ஒருவர் வண்டியை நிறுத்தினால் அபராதம் விதிக்க வழியில்லை. அக்கம்பக்கத்தாரின் மனச்சாட்சியை நம்பித்தான் அவை இருக்கின்றன. ஆணையின் பேரில் அமைந்த இடமாக இருந்தால் மட்டுமே அபராதச் சீட்டு செல்லுபடியாகும். ஸ்காட்லாந்தில் இந்த இடைவெளி பெரிய தொல்லையாகிப் போனதால், 2009இல் தனிச் சட்டமே இயற்றி, அறிவுரை இடங்களை ஆணையின் கீழ் கொண்டுவரும் பொறுப்பை உள்ளாட்சி மன்றங்களிடம் ஒப்படைத்தார்கள்.

எந்த நாடாக இருந்தாலும் நீங்கள் கேட்டறிய வேண்டியவை இவைதான். அந்த இடத்துக்கு எழுத்து வடிவில் ஆணையோ அறிவிக்கையோ இருக்கிறதா? கம்பத்தில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறதா, அப்படியானால் பலகை இருக்கிறதா? அந்தச் சாலை அரசுக்கோ உள்ளாட்சிக்கோ உரியதா, அல்லது தனியார் குடியிருப்பின் உள்வழியா? தொலைபேசியில் கேட்டால் “ஆமாம், அது உங்களுக்குத்தான்” என்று யாராவது சொல்லி முடித்துவிடுவார்கள். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே தெரிந்துகொள்வது மனவருத்தத்தைக் குறைக்கும். உங்கள் வீட்டு வாசலில், உங்கள் விண்ணப்பத்தின் பேரில், உங்கள் தேவைக்காகவே வரைந்த இடமாக இருந்தாலும், பொதுச் சாலையில் இருக்கும்வரை அது உங்கள் சொந்த இடமாகிவிடாது. பிரிட்டனில், மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கப்படும் வாகன நிறுத்த அனுமதி அட்டையான நீல அட்டையை வைத்திருக்கும் எவரும் அங்கே நிறுத்தலாம். குறிப்பிட்ட ஒருவருக்கு மட்டும் என்று எண்ணிட்டு ஒதுக்கும் முறை சில மன்றங்களில் மட்டுமே உண்டு. அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு அட்டைதாரர் நாள்தோறும் உங்கள் வாசலில் வந்து நின்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அதை முறைகேடு என்று புகார் எழுத முடியாது. அத்தகைய நிலையில் கேட்க வேண்டியது இரண்டாவது இடம் ஒன்றை.

படி 2: அட்டையைப் பாருங்கள், ஆளை எடைபோடாதீர்கள்

நிறுத்தும் உரிமை பொதுவாக வண்டியைச் சேர்ந்ததாக இருப்பதில்லை, ஆளைச் சேர்ந்ததாகவே இருக்கிறது. அட்டைதாரர் அந்தப் பயணத்தில் ஓட்டுநராகவோ பயணியாகவோ இருக்க வேண்டும், அல்லது அவரை ஏற்றிக்கொள்ளவோ இறக்கிவிடவோ அந்த வண்டி வந்திருக்க வேண்டும். தந்தையின் அட்டையை முன்கண்ணாடியில் வைத்துவிட்டு மகன் தன் வேலைக்குப் போய்வருவதும், இறந்துபோனவரின் அட்டையைத் திருப்பித் தராமல் வைத்துப் பயன்படுத்துவதும், காலாவதியான அட்டையைத் தேதி தெரியாதபடி மடித்துவைப்பதும் முறைகேடுகள். பிரிட்டனில் இத்தகைய தவறான பயன்பாட்டுக்கு 1,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் ஒருவர் காரிலிருந்து இறங்கி நடந்து போகிறார் என்பதாலேயே அவருக்கு உரிமை இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதய நோய், நுரையீரல் நோய், கடும் மூட்டுவலி, கால் இழந்து செயற்கைக் கால் பொருத்தியவரின் சீரான நடை ஆகியவை தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இருபது அடி நன்றாக நடப்பவர் இருநூறு அடியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடலாம். ஆட்டிசம் போன்ற, வெளியே தெரியாத நிலைகளை உடையவர்களும் நீல அட்டை பெற வழிசெய்து இங்கிலாந்தில் 2019 ஆகஸ்ட்டில் விதிகள் விரிவாக்கப்பட்டன. சக்கர நாற்காலிச் சின்னத்துக்கு 1968இல் அடிப்படை வரைந்தவர் சுசன்னே கோஃபோட் என்ற டென்மார்க் வடிவமைப்பு மாணவி. அவர் வரைந்த வெறும் நாற்காலிக்குத் தலை பின்னர் சேர்க்கப்பட்டது. அந்தப் படம் பரவிய வேகத்தில், நாற்காலி இல்லாதவர் மாற்றுத்திறனாளி இல்லை என்ற எண்ணமும் கூடவே பரவிவிட்டது என்பது என் கணிப்பு.

ஆகவே செல்லுபடியாகும் அட்டை வெளியே தெரிகிறதா, இல்லையா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அட்டை உண்மையானதா, அவருக்கு உரியதா என்பதை ஆராயும் அதிகாரம் அட்டையைக் கொடுத்த அமைப்புக்கும் காவல் துறைக்கும் உண்டு. உங்களுக்கும் எனக்கும் இல்லை.

படி 3: மூன்று வாரம் குறிப்பெழுதுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். தேதி, வந்த நேரம், போன நேரம், வண்டி எண், அட்டை தெரிந்ததா, இடத்தின் எந்தப் பகுதி அடைபட்டது, அதனால் உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று ஒவ்வொரு முறையும் ஒரே ஒழுங்கில் எழுதுங்கள். கடைசியில் சொன்னதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். “மீண்டும் நிறுத்திவிட்டார்கள்” என்று எழுதுவதால் பயனில்லை. “எட்டு வீடு தள்ளி நிறுத்தி, சாலைப் பக்கமாக அம்மாவை இறக்கினேன், இரண்டு கார்கள் எங்களுக்காகக் காத்து நின்றன, நடைபாதையில் ஏறச் சரிவு இல்லாததால் சாலை வழியாகவே நாற்காலியைத் தள்ளி வந்தேன்” என்று எழுதினால், அதைப் படிக்கும் அதிகாரிக்கு அது பாதுகாப்புப் பிரச்சினையாகத் தெரியும்.

புகைப்படம் எடுக்கும்போது வண்டி எண்ணும், தரையில் உள்ள கோடும் சின்னமும், அறிவிப்புப் பலகையும் ஒரே சட்டத்தில் அடங்குமாறு சற்றுத் தள்ளி நின்று ஒன்றும், முன்கண்ணாடியை மட்டும் காட்டுமாறு அருகிலிருந்து ஒன்றும் எடுங்கள். ஆட்களின் முகத்தையும் குழந்தைகளையும் அவர்கள் வீட்டு வாசலையும் படமெடுக்க வேண்டாம். பொது இடத்தில் படமெடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும்; அது ஒருபுறமிருக்க, அப்படி எடுத்த படம் பின்னாளில் உங்களைத் தொல்லைக்காரராகக் காட்டவே உதவும்.

மூன்று வாரக் குறிப்பில் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு தென்படும். நான் எழுதிய நோட்டில் பதினொரு பதிவுகளில் எட்டு, மாலை ஐந்தரைக்கும் ஏழுக்கும் இடைப்பட்டவையாக இருந்தன. அதுவரை நாள் முழுவதும் அந்த இடம் பறிபோவதாகவே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. நேரம் தெரிந்த பிறகு, யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிட்டது.

படி 4: நேரில் பேசுங்கள்

இந்தப் படியில்தான் அதிகக் கவனம் தேவை. பெரும்பாலான தகராறுகள் இங்கேயே தீரக்கூடியவை, இங்கேயே முற்றக்கூடியவையும்கூட.

வண்டி அங்கே நின்றுகொண்டிருக்கும்போது போய்ப் பேசாதீர்கள். அப்போது நீங்கள் கோபத்தில் இருப்பீர்கள், அவர் பிடிபட்ட நிலையில் இருப்பார். விடுமுறை நாள் காலையில், இரு தரப்புக்கும் அவசரம் இல்லாத நேரத்தில், ஒருவராகச் சென்று பேசுங்கள். கூட்டமாகப் போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். சட்டத்தில் தொடங்காமல், இறக்கும் வேலையை விளக்குவதில் தொடங்குங்கள்: “அம்மாவை இறக்கக் கதவு முழுதாகத் திறக்க வேண்டும், பக்கத்தில் நாற்காலி நிற்க வேண்டும். சாயங்காலம் உங்கள் வண்டி இங்கே இருந்தால் நடுச்சாலையில் வைத்துத்தான் இறக்க வேண்டியிருக்கிறது. ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை இந்த இடத்தை விட்டுவிட்டு நிறுத்த முடியுமா?” இதில் குற்றச்சாட்டு இல்லை, அவர் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயல் மட்டும் இருக்கிறது. சட்டப்படி நாள் முழுவதும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கலாம், ஆனாலும் முதல் பேச்சில் மிகவும் வலிக்கிற நேரத்தைக் கேட்டுப் பெறுவதே புத்திசாலித்தனம்.

எனக்குக் கிடைத்த முதல் பதில், “அஞ்சு நிமிஷம்தான் சார், ஹாரன் அடிங்க, உடனே எடுத்துடறேன்.” நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் ஹாரன் அடித்து, அவர் சட்டையை மாட்டி, சாவியைத் தேடி, இறங்கி வந்து வண்டியை எடுக்கும்வரை என் கார் சாலையை மறித்து நிற்கும்; பின்னால் வரும் வண்டிகள் எனக்கு ஹாரன் அடிக்கும்; உள்ளே இருக்கும் அம்மா தன்னால்தான் இத்தனையும் என்று தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார். இதை அவரிடம் அப்படியே சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “இப்படி யோசிக்கல சார்” என்றார். அதன் பிறகு அவர் வண்டி அங்கே நின்றதில்லை. அவர் வீட்டுக்கு வரும் விருந்தினர் வண்டிகள் நின்றன, அது வேறு கதை.

எல்லோரும் இவரைப் போல இருக்க மாட்டார்கள். “நாள் முழுக்கக் காலியாகத்தானே கிடக்கிறது” என்பவருக்கு, நீங்கள் திரும்பி வரும் நேரத்தில் அது காலியாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு என்று ஒருமுறை விளக்கலாம். “நானும் வரி கட்டுகிறேன்” என்பவரோடு வாதாடிப் பயனில்லை. சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள். மிரட்டுபவரிடம் இரண்டாம் முறை பேசவே செல்லாதீர்கள். இந்தியாவில், மாற்றுத்திறனாளி ஒருவரைப் பொதுமக்கள் பார்வையில் இழிவுபடுத்தும் நோக்கத்துடன் வேண்டுமென்றே அவமதிப்பதும் மிரட்டுவதும், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். அத்தகைய பேச்சு நடந்தால் சொன்ன வார்த்தைகளை அன்றே அப்படியே எழுதிவைத்து, கூட இருந்தவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். அதை வாகன நிறுத்தப் பிரச்சினையோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

படி 5: ஒரு பக்கக் கடிதம்

பேசிப் பலனில்லை என்றால், பெயரும் தேதியும் இட்டு ஒரே ஒரு கடிதம் கொடுங்கள். நேரில் பேசிய நாள், கேட்டுக்கொண்டது, அதன் பிறகு நடந்த இரண்டு மூன்று நிகழ்ச்சிகளின் தேதிகள், இன்ன தேதிக்குப் பிறகு தொடர்ந்தால் புகார் செய்வேன் என்ற ஒரு வரி ஆகியவை போதும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் துடைப்பானில் பெயரில்லாத சீட்டைச் செருகுவது வேண்டாம். யார் வைத்தது என்று தெருவில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும், கோழைத்தனம் என்ற பெயர் மட்டும் கூடுதலாகக் கிடைக்கும்.

படி 6: புகார்

பொதுச் சாலையில், ஆணையுள்ள இடமாக இருந்தால், அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்பிடமோ போக்குவரத்துக் காவல் துறையிடமோ இருக்கும். உங்கள் ஊரில் எது என்பதை முதல் படியிலேயே கேட்டு வைத்திருப்பீர்கள். நீங்கள் அனுப்பும் படத்தை வைத்தே அபராதம் விதிக்கும் ஊர்கள் உண்டு. பல இடங்களில் அலுவலர் நேரில் வந்து பார்த்தால்தான் சீட்டு எழுத முடியும். அங்கே “அடிக்கடி நிறுத்துகிறார்கள்” என்ற புகார் பயன் தராது. “வார நாள்களில் மாலை ஐந்தரை முதல் ஏழு வரை, கடந்த மூன்று வாரத்தில் எட்டு முறை” என்று எழுதி, அந்த நேரத்தில் ரோந்து வருமாறு கேளுங்கள். ரோந்து நேரத்தைத் திட்டமிடும் அலுவலருக்கு இதைவிட உதவியான புகார் கிடைக்காது. நோட்டின் அருமை அப்போதுதான் தெரியும்.

அட்டையைத் தவறாகப் பயன்படுத்துவதாகச் சந்தேகம் இருந்தால் அது தனிப் புகார். அட்டையில் தெரிந்த எண், காலாவதித் தேதி, வண்டி எண், நேரம் ஆகியவற்றை மட்டும் அட்டை வழங்கும் அமைப்புக்கு அனுப்புங்கள். அவருக்கு நோயே இல்லை என்ற உங்கள் கருத்து அதில் வர வேண்டியதில்லை.

ஆணையில்லாத அறிவுரை இடமாக இருந்தால், புகாரின் கோரிக்கையே வேறு: அதை அமலாக்கத்தக்க இடமாக மாற்றித்தாருங்கள் என்பது. அந்த விண்ணப்பத்தோடு குறிப்புகளையும் மருத்துவச் சான்றையும், வீட்டு வளாகத்துக்குள் வண்டி நிறுத்த வழியில்லை என்பதற்கான விளக்கத்தையும் இணையுங்கள். ஆணை வர மாதங்கள் ஆகலாம். அதற்கிடையே, மங்கிய கோட்டை மறுபடி வரையச் சொல்லிக் கேளுங்கள். பாதி அழிந்த சின்னத்தின் மீது நிறுத்தியவர் “கவனிக்கவில்லை” என்றால் அதை மறுப்பது கடினம். புதுப் பெயின்ட் பளிச்சென்று தெரியும்போது அந்தச் சாக்கு எடுபடாது.

இந்தியாவில் உள்ளாட்சியும் காவல் துறையும் அசையவில்லை என்றால், அந்தந்த மாநிலத்தின் மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் மனு கொடுக்கலாம். உரிமை மறுக்கப்படுவதை விசாரிக்கும் அதிகாரத்தை 2016ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்கு அளித்துள்ளது.

அடுக்குமாடிக் குடியிருப்பின் உள்வழியாக இருந்தால்

இங்கே காவல் துறை பெரும்பாலும் தலையிடாது. குடியிருப்போர் சங்கமோ நிர்வாகமோதான் செய்ய வேண்டும். பொதுக்குழுவில் எழுந்து உருக்கமாகப் பேசுவதைவிட, தீர்மான வரைவு ஒன்றை எழுதிக் கொண்டுபோவது பலன் தரும்: இன்ன எண்ணுள்ள இடம் இன்ன அகலத்தில் ஒதுக்கப்படுகிறது, விருந்தினர் வண்டிகளைக் காவலாளி அங்கே அனுமதிக்கக் கூடாது, மீறினால் சங்க விதிப்படி இன்ன நடவடிக்கை என்று. காவலாளியின் பெயரில் பொறுப்பு எழுதப்படாத எந்த விதியும் வாசலில் நடைமுறைக்கு வராது. அமெரிக்காவில், 1988இல் திருத்தப்பட்ட நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின்படி, தன் வீட்டுக்கு அருகில் நிறுத்துமிடம் ஒதுக்கித்தருமாறு கேட்கும் உரிமை மாற்றுத்திறனாளிக் குடியிருப்பாளருக்கு உண்டு. ‘முதலில் வருபவருக்கே இடம்’ என்ற பொது விதியைக் காட்டி நிர்வாகம் அதை எளிதாக மறுத்துவிட முடியாது.

செய்யக் கூடாதவை

அவர் வண்டிக்கு முன்னால் உங்கள் வண்டியை நிறுத்தி வெளியே எடுக்க முடியாமல் மறிப்பது, காற்றைப் பிடுங்குவது, கண்ணாடியில் பசையிட்ட தாளை ஒட்டுவது ஆகியவை உங்களையே குற்றவாளியாக்கும். தொட்டி, நாற்காலி, பழைய டயர் என்று எதையாவது போட்டு இடம்பிடிப்பதும் பொதுச் சாலையில் இடையூறாகவே கருதப்படும். தவிர, அதை நகர்த்த இறங்க முடியாத மற்றொரு மாற்றுத்திறனாளிக்கு அதுவே தடையாகும். தெரு வாட்ஸ்அப் குழுவில் வண்டிப் படத்தைப் போட்டு அவமானப்படுத்தும் ஆசை எனக்கும் வந்ததுண்டு. போட்டிருந்தால், பிறகு எனக்காகச் சாட்சி சொன்ன இரண்டு வீட்டார் அன்றே ஒதுங்கியிருப்பார்கள்.

நம் பக்கத்தில் கவனிக்க வேண்டியவை

புகார் கொடுப்பவரின் பழக்கத்தையும் தெரு கவனித்துக்கொண்டிருக்கும். அம்மா வீட்டில் இருக்கும்போது நான் தனியாகக் கடைக்குப் போய்வந்து, வசதிக்காக அதே இடத்தில் நிறுத்திய நாள்கள் உண்டு. எங்கள் வாசல்தானே என்று எண்ணியிருந்தேன். விதிப்படி அதுவும் தவறான பயன்பாடு என்பது பின்னர்தான் உறைத்தது. அட்டையின் காலாவதித் தேதியை மூன்று மாதம் முன்பே நாள்காட்டியில் குறித்துவையுங்கள். காலாவதியான அட்டையோடு நின்று நமக்கே அபராதம் வந்தால், அதுவரை எழுதிய நோட்டின் மதிப்பு போய்விடும். வீட்டுக்கு வரும் உறவினர்களிடமும் அந்த இடத்தில் நிறுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீடு மாறினாலோ, யாருக்காக அந்த இடம் வரையப்பட்டதோ அவருக்கு அது தேவைப்படாத நிலை வந்தாலோ, அட்டையை அதை வழங்கிய அமைப்பிடம் திருப்பி அனுப்பி, இடத்தை நீக்கலாம் அல்லது தேவையுள்ள வேறொருவரின் வாசலுக்கு மாற்றலாம் என்று உள்ளாட்சிக்கு எழுதுங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் ரசீது தரும் தபால் முறையில் அனுப்பி, அந்த ரசீதை மற்றக் காகிதங்களோடு அதே கோப்பில் வையுங்கள்.